சமாதானமா, சகோதரி?

கிர்கிஸ் நாட்டில், தலாஸ் பள்ளத்தாக்கில் குடியேறின ஜெர்மன்காரர் சபை எங்களுடையது. அதில் ஒரு வழக்கம் உண்டு. கர்த்தரை நினைத்து எல்லோரும் ஒரே ரொட்டியிலிருந்து அப்பம் பிட்பதற்கு முந்தின வாரம் உதவிக்காரர் வீடு வீடாக வந்து கேட்பார்: "கர்த்தரோடும் சபையோடும் சமாதானமா?" எல்லா வீட்டிலிருந்தும் "சமாதானம்" என்று பதில் வந்தால்தான் அப்பம். ஒரே ஒருத்தர் "இல்லை" என்று சொல்லிவிட்டால் போதும், மேஜைத்துணியை மடித்து அலமாரியில் வைத்துவிட வேண்டியதுதான். சொன்னது பண்ணைத் தலைவரா, பால் கறக்கிறவளா என்கிற பேச்சே கிடையாது.

கேட்பது ஆண்களிடம். விதவை என்றால் அவள் அண்ணன் தம்பியிடம். என் பதிலை இத்தனை வருஷமும் என் தம்பி பெர்ன்ஹார்ட்தான் சொல்லிக்கொண்டிருந்தான். "இல்லைன்னு சொல்லுடா" என்று ஒவ்வொரு வருஷமும் சொல்லித்தான் அனுப்புவேன். வாசலுக்குப் போய் "சமாதானம்" என்று சொல்லிவிட்டு வருவான் படுபாவி. "எதுக்குக்கா வம்பு" என்பான்.

அந்த வசந்தத்தில் பெர்ன்ஹார்ட் பெண்டாட்டி பிள்ளைகளோடு ஜெர்மனிக்குப் போய்விட்டான். ஊரில் பாதி வீடு காலி. மீதிப் பேர் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். சபையை நடத்துகிற மூப்பர் டீட்ரிக் மட்டும் போகிற நிலைமையில் இல்லை. வயிற்றில் கட்டி, எழுந்து உட்காரவே ஆள் வேண்டும். எல்லோரும் பஸ் ஏறுவதற்குள் கடைசியாக ஒரு தடவை சேர்ந்து அப்பம் பிட்க வேண்டும், அதை வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூட வேண்டும் என்பது அவர் ஆசை.

எனக்காகப் பதில் சொல்ல இனி ஆண் இல்லை; அப்படித்தான் ஆரோன் என் வாசலில் வந்து நின்றான். ஆரோன் எங்கள் உதவிக்காரன், அடுத்த வீட்டுக்காரன். என் வீட்டுக்காரரும் அவனும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு, ஒரே நாளில் ஞானஸ்நானம். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, சந்தைக்குப் போகிற வழியில் விசாரிக்கிறவன் மாதிரி கேட்டான்.

"கர்த்தரோடயும் சபையோடயும் சமாதானமா, சகோதரி?"

"இல்ல."

தலையை ஆட்டிவிட்டு அடுத்த வீட்டுப் பக்கம் திரும்பிவிட்டான். அப்புறம்தான் காதில் ஏறியது.

"என்ன சொன்னீங்க?"

"இல்லைன்னேன்."

"விளையாடாதீங்கக்கா. பஸ்ஸுக்குச் சொல்லியாச்சு. மூப்பரய்யா இன்னைக்கோ நாளைக்கோன்னு இழுத்துக்கிட்டிருக்கார்."

"இழுக்கட்டும். கர்த்தரோட எனக்கு ஒரு சண்டையும் இல்ல. சபையோடதான் சமாதானம் இல்ல. உங்க மூப்பரோட இல்ல. உன்னோட இல்ல. போய்ச் சொல்லு."

தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போனான். அன்றைக்கு நான் சாப்பிட்ட முட்டைக்கோஸ் சூப் ருசித்த மாதிரி பல வருஷமாக எதுவும் ருசித்ததில்லை. பொய் சொல்வானேன்.

என் வீட்டுக்காரர் பெயர் கொர்னேலியுஸ். நல்ல உழைப்பாளி, நல்ல குரல், வாய் மட்டும் நீளம். ஒரு கோடையில் ஆலங்கட்டி மழை கொட்டி, புகையிலையும் பீட்ரூட்டும் மண்ணோடு மண்ணாகப் போயின. அந்த ஞாயிற்றுக்கிழமை மூப்பர் பிரசங்க மேடையில் ஏறி, இது நியாயத்தீர்ப்பு என்றார். எதற்காம்? லீசே என்று ஒரு பெண், கீழூர் கிர்கிஸ் டிரைவர் ஒருத்தனைக் கட்டிக்கொண்டு போயிருந்தாள். அவள் அப்பனை முன்னால் கூப்பிட்டு, தலைகுனிய நிறுத்தி, "உன் வீட்டுப் பாவத்துக்கு ஊர் வயல் கூலி கொடுத்திருக்கு" என்றார். அந்த மனுஷன் வாயில்லாப் பூச்சி. அழுதுகொண்டு நின்றார்.

கொர்னேலியுஸ் எழுந்துவிட்டார்.

"மூப்பரய்யா, ஒரு சின்ன சந்தேகம். ஆலங்கட்டி கிர்கிஸ்காரங்க வயல்லயும்தானே விழுந்துச்சு? அவங்க எந்தப் பொண்ணை எவனுக்குக் கொடுத்தாங்க?"

ஆண்கள் வரிசையில் ஒருத்தன் சிரித்தான். அப்புறம் இன்னொருத்தன். பெண்கள் பக்கம் முக்காட்டைக் கடித்துக்கொண்டு குலுங்கினோம். மூப்பருக்கு வந்ததே கோபம்! சிரித்தவர்களையெல்லாம் விட்டுவிட்டார், சிரிக்கவைத்தவரைப் பிடித்துக்கொண்டார். அபிஷேகம் பெற்றவனுக்கு எதிராக எழும்புவது கர்த்தருக்கு எதிராக எழும்புவதாம். கலகமாம். சகோதரர் கூட்டத்தில் நடுவில் நிறுத்தி, "பாவம் செய்தேன்னு சொல்லு" என்றார்கள்.

"சொன்னது பொய்னா காட்டுங்க, இங்கயே மண்டி போடறேன்" என்றார் கொர்னேலியுஸ். "சொன்ன இடம்தான் தப்புன்னா இடத்தைச் சொல்லுங்க, அங்க போய்ச் சொல்றேன்."

சபையை விட்டு நீக்கிவிட்டார்கள். வனாந்தரத்தில் தலைவனுக்கு எதிராகக் கிளம்பினவர்களை மண் உயிரோடு விழுங்கியதே, வேதத்தில் அந்தப் பகுதியை மூப்பர் அன்றைக்கு வாசித்தார். கலகக்காரன் வாசலை விட்டு எல்லோரும் விலகி நில்லுங்கள் என்றார்.

நீக்கப்பட்டவனோடு சபையார் கைகுலுக்கக் கூடாது. ஒரே மேஜையில் சாப்பிடக் கூடாது. கட்டின பெண்டாட்டிக்கும் அதே சட்டம்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? இரண்டு சின்ன மேஜைகளை ஒட்டிப்போட்டு, கத்திமுனை நுழைகிற அளவுக்கு இடைவெளி விட்டேன். தனித்தனித் துணி விரித்தேன். இவர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். சோதிக்க வந்தது நம் ஆரோன்தான். குனிந்து குனிந்து பார்த்தான்.

"இது ஒரே மேஜை மாதிரில்ல இருக்கு?"

"ரெண்டுடா. காலை எண்ணிக்கோ. எட்டு இருக்கும்."

"என் காலையும் சேத்து எண்ணித் தொலைச்சிடாத" என்றார் கொர்னேலியுஸ்.

ஆரோன் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினான். நல்லவன்தான் என்று அன்றைக்கு நினைத்தேன். நினைத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இரண்டு மூன்று வருஷம் அப்படியே ஓடியது. ஓர் இலையுதிர் காலத்தில் கொர்னேலியுஸ் முற்றத்தில் உருளைக்கிழங்குக்கு நிலவறை தோண்டிக்கொண்டிருந்தார். வேலிக்குப் பக்கத்திலேயே குழி. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று வாளியை நீட்டினால் குழிக்கரையில் வாங்கிக்கொள்ளலாம், அவ்வளவு கிட்ட. மண் பொலபொலவென்று இருந்தது; பக்கச்சுவர் சரிந்து அவர்மேல் விழுந்துவிட்டது.

நான் மாட்டுப்பண்ணையில் இருந்தேன். பக்கத்துத் தெரு கிர்கிஸ்காரி பூபுசாரா ஓடிவந்து கூப்பிட்டாள். பால்வாளியைப் போட்டுவிட்டு ஓடினேன். வந்து பார்த்தால், எங்கள் சபை ஆண்கள் வேலியோரமாக வரிசையாக நிற்கிறார்கள். பீட்ரூட் வயலிலிருந்து நேராக ஓடிவந்தவர்கள். ஒவ்வொருவன் கையிலும் மண்வெட்டி. ஒருத்தனும் உள்ளே இல்லை. நீக்கப்பட்டவன் முற்றத்துக்குள் போகலாமா கூடாதா, சட்டம் என்ன சொல்கிறது, மூப்பர் சொல்லட்டும் என்று நிற்கிறார்கள்! வாசற்கதவின் கொண்டியில் கை வைத்துக்கொண்டு ஆரோன் முதல் ஆளாக நிற்கிறான். மூப்பர் மட்டும் உள்ளே போய்க் குழிக்கரையில் முழங்கால் போட்டிருந்தார். ஜெபம் பண்ணுகிறார் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

தோண்டினது யார்? பூபுசாராவின் புருஷன் சகின்பெக்கும் அவன் பிள்ளைகளும். ஆடு மேய்க்கிற மேட்டிலிருந்து குதிரையில் வந்து, பின்பக்கச் சுவரை ஏறிக் குதித்து, மூப்பரைத் தோளைப் பிடித்து ஒதுக்கிவிட்டுத் தோண்டினார்கள். வெளியே எடுக்கும்போது உயிர் இல்லை. "மண்ணு விழுந்தவுடனே முடிஞ்சிருக்கும்க்கா, வலியே தெரிஞ்சிருக்காது" என்று சகின்பெக் என் தலையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். அதை நம்பித்தான் நான் இத்தனை வருஷம் தூங்கினேன்.

அடுத்த ஞாயிறு பிரசங்கம் என்ன தெரியுமா? கலகக்காரனைப் பூமி விழுங்கிற்று, கண்ணாரக் கண்டோம், கர்த்தருக்குப் பயப்படுங்கள். சபை முழுக்க "ஆமென்" என்றது. நான் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டேன்.

அந்தச் சபையை விட்டு நீ ஏன் வெளியே போகவில்லை என்று பூபுசாராகூடக் கேட்டிருக்கிறாள். போனால் என் வாய்க்கு என்ன மதிப்பு? வெளியே நிற்கிறவள் "இல்லை" என்றால் காற்றோடு போகும். உள்ளே இருக்கிறவள் சொன்னால் அவர்கள் மேஜையே நின்றுபோகும். அதற்காகத்தான் வாரம் தவறாமல் போய், பல்லைக் கடித்துக்கொண்டு பாட்டுப் பாடினேன்.

சரி, கதைக்கு வருகிறேன். நான் "இல்லை" என்று சொன்ன மறுநாளே பெண்கள் கூட்டமாக வந்தார்கள், இரட்டை அடுக்கு பன்னும் ஆப்பிரிகாட் ஜாமும் எடுத்துக்கொண்டு. "சாகப்போற மனுஷன்மேல என்னடி கோவம்" என்றார்கள். "கர்த்தர் நம்மளை மன்னிக்கலையா" என்றார்கள். பன்னை வாங்கிக்கொண்டு, டீ ஊற்றிக்கொடுத்து, "இல்ல" என்று அனுப்பினேன். அப்புறம் ஆரோன் முறைப்பாக வந்தான்.

"மூப்பரய்யா சொல்லச் சொன்னார். கலகக்காரன் பெண்டாட்டி கலகக்காரியாவே இருக்கா, கர்த்தர் பாத்துக்குவாராம்."

"பாக்கட்டும். அவர் பாக்கணும்னுதான் நானும் காத்திருக்கேன்."

"உங்களையும் நீக்கிடுவோம்."

"நீக்கேன். நீக்கறதுன்னா மூப்பர் எழுந்து நின்னு சொல்லணும். அதானே சட்டம்? முதல்ல அவரை எழுந்து நிக்கச் சொல்லு."

முறைப்பெல்லாம் இறங்கிவிட்டது. தணிந்த குரலில், "என்னதான் வேணும் உங்களுக்கு?" என்றான்.

"பெரிசா ஒண்ணும் இல்ல. சபைக்கு முன்னால வரட்டும். 'கொர்னேலியுஸைக் கொன்னது கர்த்தர் இல்ல, நாங்க'ன்னு அவர் வாயால சொல்லட்டும். சொன்னா அடுத்த நிமிஷம் சமாதானம்."

அது அவர்களுக்கு ஆலங்கட்டி விழுந்ததைவிடப் பெரிய இடி. மூப்பர் முடியவே முடியாது என்றாராம். தண்ணீர்கூட இறங்காமல் கிடக்கிறாராம், அப்போதும் முடியாது என்றாராம். எனக்கு மனது இரங்கியதா? இல்லை. சொல்வதற்கு வெட்கமும் இல்லை. மாடு கறக்கும்போது ஒவ்வொரு பீச்சலுக்கும் 'கிட, இன்னும் கிட' என்று சொல்லிக்கொண்டே கறந்தேன்.

பஸ் வருவதற்கு முந்தின சனிக்கிழமை ஆரோனின் பெண்டாட்டி வந்து, "வாங்க, மூப்பரய்யாவைத் தூக்கிட்டு வந்திருக்காங்க" என்றாள்.

ஜெபவீடு நிறைந்திருந்தது. பிரயாணத்துக்குத் தைத்த புதுக்கோட்டுகளைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முன்மேஜையில் மறுநாளைக்கென்று சுட்ட அப்பம், பெரிய வெள்ளை ரொட்டி, துணி போர்த்தி இருந்தது. அவ்வளவு நம்பிக்கை! மூப்பரை நாற்காலியோடு தூக்கிவந்து மேஜைக்குப் பக்கத்தில் இறக்கியிருந்தார்கள். நான் பார்த்துப் பயந்த ஆள் அங்கே இல்லை. ஒரு கோட்டுக்குள் நாலு எலும்பு, மஞ்சள் பூத்த கண்.

நான் நடுவில் போய் நின்றேன். கொர்னேலியுஸை நிறுத்தின அதே நடு.

"சொல்லுங்க மூப்பரய்யா."

அவர் என்னைப் பார்க்கவில்லை. அப்பத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். "தகுதி இல்லாம இதைத் தின்னா, ஆக்கினைத்தீர்ப்பைத் தின்னுற மாதிரி. ஊருக்கெல்லாம் நான் சொன்னது. இப்ப என் தொண்டையில வந்து நிக்குது." மூச்சு வாங்கினார். "நீ கேட்டதை விடப் பெரிசு ஒண்ணு இருக்கு, யுஸ்தினா. நான் அன்னைக்கு ஜெபம் பண்ணல."

யாரோ இருமினார்கள்.

"அவன் உயிரோட இருந்தான். பலகை ஒண்ணு குறுக்க விழுந்து, அதுக்குக் கீழ மூச்சு விட இடம் இருந்துச்சு. பேசினான். நான் குனிஞ்சு, 'மனந்திரும்புறியா கொர்னேலியுஸ்'னு கேட்டேன். 'முதல்ல தோண்டச் சொல்லுங்க, அப்புறம் பேசிக்கலாம்'னான்."

அவரேதான். அந்த நீள வாய்தான். மண்ணுக்குள் கிடந்தும் அப்படித்தான் பேசியிருப்பார்.

"கர்த்தர்கிட்ட பேரம் பேசறான்னு எனக்குக் கோவம். மறுபடி கேட்டேன். ஒரு வார்த்தை சொல்லிட்டா உடனே கையைக் காட்டி ஆளுங்களைக் கூப்பிடலாம்னு இருந்தேன். சத்தியமா கூப்பிட்டிருப்பேன். கேட்டுக்கிட்டே இருந்தேன். அப்புறம் அவன் பதில் சொல்லல." அப்பத்திலிருந்து கண்ணை எடுத்தார். "கொன்னது கர்த்தர் இல்ல. நான்."

வலியே தெரிந்திருக்காது என்று சகின்பெக் சொன்னது பொய். உயிரோடு இருந்திருக்கிறார். இருட்டில், நெஞ்சுமேல் மண்ணோடு, இந்த ஆளுடைய கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறார். அந்த நாற்காலியை எட்டி உதைக்க என் கால் துடித்தது. கர்த்தர் சாட்சியாகச் சொல்கிறேன், உதைத்திருப்பேன்.

அதற்குள் சபை எழும்பிவிட்டது. அடேயப்பா, என்ன சத்தம்! "கொலைகாரன்!" என்று கத்தினான் ஒருத்தன். "இத்தனை வருஷம் இவன் கையாலயா அப்பம் வாங்கித் தின்னோம்!" என்றான் இன்னொருத்தன். பெண்கள் ஓவென்று அழுதார்கள். எல்லோரையும்விடப் பெரிய குரல் ஆரோனுடையது. "நீக்குங்க! இப்பவே இந்த ஆளைச் சபையை விட்டு நீக்குங்க!" என்று நாற்காலிக்கு முன்னால் வந்து கையை ஓங்கினான். நேற்றுவரை இந்த ஆளுக்குச் செருப்பு மாட்டிவிட்டவன்.

அவன் கையைப் பார்த்தேன். வாசற்கதவுக் கொண்டியின் மேல் இருந்த கை. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஆரோன்" என்றேன். "குழி வேலிக்கு எவ்வளவு கிட்ட இருந்துச்சு?"

கை அப்படியே நின்றது.

"வாளியை நீட்டினா வாங்கிக்கலாம், அவ்வளவு கிட்ட. இவருக்குக் கேட்ட குரல் உங்களுக்குக் கேக்கலையா?"

வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனேன். வேலியோரம் நின்ற அத்தனை முகமும் அங்கே இருந்தது, நரைத்துப்போய், புதுக்கோட்டுக்குமேல். ஒருத்தன் கூரையைப் பார்த்தான். ஒருத்தன் பொத்தானைத் திருகினான். பிரான்ஸ் என்கிற டிராக்டர்காரன் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான்.

"கேட்டிருக்கும்" என்றார் மூப்பர், மெதுவாக.

இந்த ஊரில் இத்தனை வருஷம் எனக்கு "காலை வணக்கம் சகோதரி" சொன்னவர்கள் இவர்கள். என் வீட்டில் பன்னும் டீயும் சாப்பிட்டவர்கள். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. இப்போது ஒரு சாகிற கிழவன் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிட்டு, சுத்தமான கையோடு பஸ் ஏறப் பார்க்கிறார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் மூப்பர்மேல் இருந்த கோபம் சின்னதாகிவிட்டது. அந்த ஆள் சொன்னார். பயத்தில்தான் சொன்னார், சாவு பிடரியில் நின்றதால் சொன்னார். ஆனாலும் வாயைத் திறந்து சொன்னார்.

மேஜைக்குப் போனேன். துணியை எடுத்தேன். அப்பத்தில் கை வைத்தேன்.

"பொம்பளை தொடக் கூடாது!" என்று பின்னால் யாரோ பதறினார்கள்.

"இந்த நேரத்துலயும் சட்டமா? உக்காருடா!"

உட்கார்ந்தான். அப்பத்தைப் பிட்டேன். மூப்பருக்கு முன்னால் குனிந்தேன்.

"உங்களோட எனக்குச் சமாதானம். வாயைத் திறங்க."

அவர் அழுதுகொண்டே திறந்தார். பல் இல்லை. நாக்கில் வைத்தேன். வெகுநேரம் மென்றார். விழுங்கினபின் என் கையைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் இருக்கிறவர்களுக்குக்கூடக் கேட்காத குரலில் கேட்டார்:

"அவனைப் பாத்தா என்ன சொல்லட்டும்?"

கலகக்காரன், பூமி விழுங்கினவன், எரிகிற இடத்துக்குப் போனவன் என்று வருஷக்கணக்காகப் பிரசங்கம் பண்ணினவர் கேட்கிறார். தான் போகிற இடத்தில்தான் கொர்னேலியுஸும் இருக்கிறார் என்று அந்த ஆளுக்கு உள்ளுக்குள் தெரிந்திருக்கிறது.

"நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க" என்றேன். "அவர் பேசட்டும். குறுக்க பேசாம கேளுங்க."

மீதி அப்பத்தைத் துணியில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். ஆரோன் வழியில் நின்று, "அக்கா, எங்களுக்கு?" என்றான்.

"உங்களோட சமாதானம் இல்ல."

வீட்டுக்கு வந்துவிட்டேன். மூப்பர் அந்த வாரமே போய்ச் சேர்ந்தார். பஸ் வந்தது, அவர்கள் போனார்கள். நான் போகவில்லை. என் வீட்டுக்காரர் இந்த மண்ணில் இருக்கிறார், எனக்கு அங்கே என்ன வேலை?

ஜெர்மனியில் பெரிய ஜெபவீடு கட்டியிருக்கிறார்களாம், வெந்நீர்க் குழாயெல்லாம் இருக்கிறதாம். அப்பம் மட்டும் இல்லை. சபைப் பட்டியலில் நான் இன்னும் இருக்கிறேன், என் பதில் இன்னும் "இல்லை"தான். என்னை நீக்கிவிடலாமே என்றால், நீக்கப்படுகிறவர் சபை நடுவில் நேரில் நிற்க வேண்டும். கொர்னேலியுஸை நிறுத்தினார்களே, அந்தச் சட்டம். நான் தலாஸ் பள்ளத்தாக்கை விட்டு நகரப்போவதில்லை. சட்டத்தை மாற்றலாம், ஆனால் மாற்றினால் அன்றைக்கு வேலியோரம் எதற்காக நின்றோம் என்று அவர்களே கேட்டுக்கொள்ள வேண்டிவரும்.

சகின்பெக் வீட்டில் போன் வைத்திருக்கிறான். வசந்தம் வந்தால் மணி அடிக்கும், பூபுசாரா ஓடிவந்து வேலிக்கு மேலே எட்டி, "அக்கா, உன் புண்ணியவானுங்க!" என்று கத்துவாள். முதல் வருஷமே சொல்லிவிட்டேன். குரல் கேட்டவன் ஒவ்வொருத்தனும் தனியாகக் கூப்பிட்டு, கேட்டது என்று தன் வாயால் சொல்ல வேண்டும். அன்றைக்கு நின்றவர்களில் கடைசி ஆள் சொல்லி முடிக்கிற நாள் நான் "சமாதானம்" என்பேன்.

அப்படி முதலில் கூப்பிட்டுச் சொன்னது பிரான்ஸ். விம்மி விம்மி அழுதான்.

"கேட்டுச்சுக்கா."

"அழாத, போன்ல காசு ஓடுது. என்ன கேட்டுச்சு?"

"பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்."

"யார் பேரை?"

"அதை... அதை அவனே சொல்லட்டும்க்கா."

அப்புறம் ஒவ்வொருத்தனாகக் கூப்பிட்டார்கள். சிலர் குடித்துவிட்டுக் கூப்பிட்டார்கள். ஒருத்தன் மரணப் படுக்கையிலிருந்து மகளைவிட்டு ரிசீவரைப் பிடிக்கச் சொல்லிக் கூப்பிட்டான். எல்லோரும் கேட்டது என்றார்கள். எல்லோரும் யார் பேர் என்று மட்டும் சொல்ல மாட்டேன் என்றார்கள். ஒவ்வொருத்தனுக்கும் "சரி, போ" என்றேன். நாளைக்குக் கர்த்தர் என்னை நிறுத்தி, இந்த அதிகாரத்தை உனக்கு யார் கொடுத்தது என்று கேட்பார். கேட்கட்டும். அவருக்குப் பதில் சொல்லிக்கொள்வேன், அவருக்கு மட்டும்.

இப்போது ஒரே ஒருத்தன் பாக்கி. அவன்தான் வருஷா வருஷம் சபை சார்பில் கூப்பிடுகிறவன். இந்த வசந்தத்திலும் கூப்பிட்டான்.

"சமாதானமா, சகோதரி?"

"ஆரோன், அவர் கூப்பிட்டது உன் பேரைத்தானே?"

லைன் இருக்கிறது, மூச்சு கேட்கிறது. நானும் வைக்கவில்லை. வெகுநேரம் கழித்து, "பிரான்ஸோட அம்மா படுத்த படுக்கையா இருக்காங்க" என்றான். "அன்னைக்கு அவங்க அங்க நிக்கக்கூட இல்ல. சாகறதுக்குள்ள அப்பம் வேணும்னு தினம் அழறாங்க. அவங்களுக்கு நான் என்ன சொல்ல?"

நல்ல மனுஷி அவள். என் கல்யாணத்துக்கு முக்காடு பின்னிக் கொடுத்தவள். என் நெஞ்சு ஒரு நிமிஷம் இளகியது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

"உன் பேரைச் சொல்லு" என்றேன்.

போனை வைத்துவிட்டான்.